லயமும் நிரையும்

பேராக்கின் 'ரெசிடெண்ட்' ஹியூ லோ 1877இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னாளில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். அவர்தம் பேச்சில் இடம்பெற்ற ஆங்கிலச் சொற்களுள் 'லைன்' என்பதும் ஒன்று.

இலத்தீனில் நூலிழையைக் குறித்த சொல்வழி வந்த அது, ஆங்கிலத்தில் கோடு, வரிசை, கவிதையடி எனப் பல பொருள் தரும். துரைமார் தொழிலாளர் வீட்டு வரிசையை அச்சொல்லாற் சுட்டினர். தமிழர் நாவில் அது 'லயன்' ஆகி, 'லயம்' ஆயிற்று. அறம் 'அறன்' எனத் திரிவது கடைப்போலி. ஈண்டு னகரம் மகரமாயிற்று.

மர வரிசைக்கோ இரவற்சொல் வேண்டப்படவில்லை. பால்வெட்டுவோர் அதனை 'நிரை' என்றனர். ஆநிரையிலும் யாப்பின் அசையிலும் பயிலும் பழந்தமிழ்ச் சொல் அது. உழைத்த இடத்திற்குத் தமிழ்ப் பெயர் வாய்த்தது; உறங்கிய இடத்திற்குத் துரையின் சொல்லே நிலைத்தது. வீடும் தோட்டத்தாருடையதே, வேலை போயின் வீடும் போகும்.

வடமொழி 'லயம்' தாள ஒழுங்கையும் ஒடுக்கத்தையும் குறிக்கும். செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் தோட்டங்கள் இடந்தரவே, லயங்கள் பல இடிக்கப்பட்டன. 'லயம் லயமாயிற்று' என்பது புலவர்க்குச் சிலேடை. அங்கு வாழ்ந்தார்க்கு வரலாறு. முதியோர் நாவில் உள்ளபோதே இச்சொற்களைத் தொகுத்து வைத்தல் தமிழாசிரியர் கடனாகும்.