வாடகை வீட்டுக் கருவிகளுக்கான மாற்று ஒதுக்கீடு

வாடகை வீட்டுக் கருவிகளுக்கான மாற்று ஒதுக்கீடு என்பது, வாடகைக்கு விடப்பட்ட வீட்டிலுள்ள தண்ணீர் மோட்டார், கீசர், மின்விசிறி முதலியன பயனற்றுப்போகும்போது புதியன வாங்குவதற்காக, வாடகை வருவாயில் ஒரு பகுதியை முன்கூட்டியே சேர்த்து வைப்பதாகும். விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களில் ஓரிரு வீடுகளை மட்டும் வாடகைக்கு விடுவோருக்கு, மோட்டார் ஒன்று எரிந்துபோனால் இரண்டு மாத வாடகை அதற்கே செலவாகிவிடக்கூடும்.

பொறுப்பு யாருடையது

தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பெப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் இரண்டாம் அட்டவணைப்படி கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை உரிமையாளரைச் சாரும். கீசர் பழுது, சுவிட்ச் பழுது, மின் கருவிகளைப் பழுதுபார்த்தல், மாற்றுதல் ஆகியவை வாடகைதாரரைச் சாரும். பலர் இதனை அறியார். பல குடும்பங்கள் பயன்படுத்தும் பொது மோட்டாரை ஒரே வாடகைதாரர் மாற்றித்தர வேண்டும் என்பது பொருந்தாது. அதனை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்வதே நல்லது.

2006 க்குப் பின் அரசு வழங்கிய இலவசத் தொலைக்காட்சி, 2011 க்குப் பின் வழங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவை வாடகைதாரரின் சொந்தப் பொருட்கள், இக்கணக்கில் சேரா.

கணக்கிடும் முறை

புதிய கருவியின் விலையை, பழைய கருவிக்கு எஞ்சியுள்ள ஆண்டுகளால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 12,000 ரூபாய் விலையும் 8 ஆண்டு ஆயுளும் உள்ள மோட்டாருக்கு மாதம் 125 ரூபாய் ஒதுக்கினால் போதும். ஆனால் ஏற்கெனவே 6 ஆண்டுகள் ஓடிய மோட்டாருக்கு இன்றுதான் சேர்க்கத் தொடங்கினால் மாதம் 500 ரூபாய் தேவை. பழைய வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவோர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கடின நீர் உள்ள இடங்களில் கீசரின் சூடேற்றும் சுருளில் உப்புப் படிவதால் அதன் ஆயுளைக் குறைத்தே மதிப்பிட வேண்டும்.

வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பதற்கும் இக்கணக்கு உதவும். 8 ஆண்டு ஆயுளுள்ள கீசர், 6 ஆண்டுகள் உழைத்தபின் வாடகைதாரரின் கவனக்குறைவால் கெட்டிருந்தால், விலையில் கால் பங்கைக் கழிப்பதே முறை. முழு விலையைக் கழிப்பது முறையன்று.

வெள்ளமும் வரியும்

2024 நவம்பர் இறுதியில் கரைகடந்த பெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை பெய்தது. இத்தகைய வெள்ளத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் கெடக்கூடுமாதலால், மாத ஒதுக்கீடு மட்டும் போதாது. காப்பீடு தனியே தேவை.

வருமான வரியில், நகராட்சி வரி போக எஞ்சும் வாடகையில் 30 விழுக்காடு நிலையான கழிவாக அளிக்கப்படுகிறது. மோட்டார் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கழிவு அதுவே.