மகத்துக்குக் கேட்ட லீவு

மாசிப் பௌர்ணமிக்கு முதல்நாள் மத்தியானம் பூஞ்சேரி கூட்டுரோட்டில் நின்றால், மாசி மகத்துக்குப் போகிறவர்கள் யார் என்று கேட்கவே வேண்டாம். ஷேர் ஆட்டோவின் கூரையில் சவுக்குக் கழி, கரி படிந்த அலுமினியக் குண்டான், சாக்கு நிறைய விறகு, பழைய புடவை மூட்டை. உள்ளே ஒருவர் மடியில் ஒருவராகக் குழந்தைகள். திருக்கழுக்குன்றம், செய்யூர், மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும் இருளர் பழங்குடியினர் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரையில் வந்து இறங்குவார்கள். அழைப்பிதழ் கிடையாது, விழாக் கமிட்டி கிடையாது. நிலா வளர்வதைப் பார்த்துக்கொண்டே வருவார்கள்.

நான் அணுபுரத்தில் குடியிருக்கிறேன். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்பாக்கத்து அணுசக்தித் துறை ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு எங்களுடையது. மதிலுக்கு வெளியே ஏரிக்கரைகளிலும் சவுக்குத் தோப்பு ஓரங்களிலும் இருளர் வீடுகள் இருக்கின்றன. எங்கள் தெருவில் புல் செதுக்க வரும் பெண்மணிதான் என்னை முதலில் கூப்பிட்டவள். "மகத்துக்கு வாயேன் சிஸ்டரு, எங்க ஆத்தாளப் பாக்கலாம்" என்றாள். அதிலிருந்து உடம்பு முடிந்த ஆண்டுகளில் எல்லாம் போய்வருகிறேன்.

2024இல் மகம் பிப்ரவரி 24, சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கடற்கரைக் கோயிலுக்கு இருபுறமும் மணலில் ஓர் ஊரே எழும்பிவிட்டது. நான்கு கழி நட்டு, மேலே தார்ப்பாய், பக்கத்துக்கு ஒரு புடவை, அவ்வளவுதான் வீடு. ஆனாலும் அந்த வீடுகளுக்குத் தெரு இருக்கிறது, முகவரி இருக்கிறது. போன ஆண்டு அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இந்த ஆண்டும் அடிக்கிறார்கள். செய்யூர்க்காரர்கள் எங்கே, உத்திரமேரூர்க்காரர்கள் எங்கே என்று பெரியவர்கள் கைகாட்டிச் சொல்கிறார்கள். புறம்போக்குக் குடிசைக்குப் பட்டா கேட்டு அலைகிறவர்களுக்கு, வருஷத்தில் இரண்டு ராத்திரி உறுதியாகக் கிடைக்கும் மனை அது.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்துவிடுகிறார்கள். கடலில் முழுகிவிட்டு, அலை தொட்டுவிட்டுப் போகும் ஓரத்தில் ஈரமணலைக் குவித்து, கையாலேயே தட்டி ஏழு படி கட்டுகிறார்கள். படிக்குப் படி மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலைபாக்கு, பழம், பொரி. அவர்கள் ஆத்தாளான கன்னியம்மா ஏழு கன்னியராக வந்து அந்தப் படியில் அமர்கிறாள். அவள் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம்; மாசி மகத்தன்று பிள்ளைகள் எல்லாரும் வந்து சமாதானம் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமாம். கற்பூரம் கொளுத்தியதும் யார் மேலாவது அவள் வந்துவிடுகிறாள். ஈரப் புடவையோடு ஆடுகிறவளைச் சுற்றி நின்று, போன வருஷம் செத்துப்போன பிள்ளையைப் பற்றியும், கிடைக்காத வேலையைப் பற்றியும், கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்ணைப் பற்றியும் கேட்கிறார்கள். அவள் திட்டுகிறாள், அழுகிறாள், வாக்குக் கொடுக்கிறாள். பூசாரி என்று தனியாக யாரும் இல்லை.

அதே காலையில் தலசயனப் பெருமாளும் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருகிறார். பூதத்தாழ்வார் பிறந்த தலம், நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளில் ஒன்று. குடையும் மேளமுமாக அவர் வரும்போது இருளர்களும் கும்பிட்டு வழிவிடுகிறார்கள். பிறகு தங்கள் படிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

கல்யாணமும் அங்கேயேதான். சென்ற மகத்தில் பேசி முடித்ததை இந்த மகத்தில் தாலி கட்டி நிறைவேற்றுகிறார்கள். மஞ்சள் கயிறு, இரண்டு மாலை, சாட்சிக்குப் பெரியவர்கள். வரதட்சணைப் பேச்சே இல்லை. நான் ஒவ்வொரு மணப்பெண்ணின் வீட்டாரிடமும் வயதைக் கேட்டுவிடுவேன். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தவள் என்பதால் இதில் எனக்குத் தாட்சண்யம் கிடையாது. முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இப்போது பள்ளிச் சான்றிதழை எடுத்துக் காட்டுகிறார்கள்.

இந்த இரண்டு நாள் எப்படிக் கிடைத்தது என்பதுதான் என் மனதில் ஓடுகிற விஷயம். மாதச் சம்பளக்காரிக்கு விடுமுறை என்பது காலண்டரில் சிவப்பு எழுத்தாக வந்துவிடும். இருளருக்கு அப்படி வரவில்லை. பொழுதை இழந்த வரலாறு அவர்களுக்கு உண்டு.

செங்கல்பட்டுச் சீமையின் முட்புதர்க் காடுகள் ஒரு காலத்தில் அவர்களுக்குச் சமையலறையும் மருந்துக்கடையும்போல இருந்தன. கிழங்கு, தேன், உடும்பு, முயல், பச்சிலை எல்லாம் அங்கேதான். 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காடு ரிசர்வ் ஆனது. உள்ளே போய்க் கிழங்கு தோண்டினால் குற்றம் என்றானது. அதற்கு முன்பே, 1860களிலிருந்து, ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்று இந்தக் கரையோரமெங்கும் சவுக்கு நடத் தொடங்கியிருந்தார்கள். காட்டை இழந்தவர்கள் தோப்புக்குக் காவலாளியானார்கள், விறகு வெட்டியானார்கள், வயலில் எலி பிடிக்கப் போனார்கள். எலி பிடித்தால் கூலியோடு, வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இந்தப் பக்கத்து இருளரைப் பற்றி நீளமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அளந்து எழுதிய பழக்கவழக்கங்களைவிட, அந்த மக்கள் அன்றைக்கு யாருக்கு வேலை செய்தார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று எழுதியிருந்தால் எனக்கு இன்னும் உபயோகமாக இருந்திருக்கும்.

பிறகு பாம்பு. தோல் வியாபாரம் சூடாக இருந்த காலத்தில் இருளர் பிடித்த பாம்புகள் தோல் பதனிடுகிற இடங்களுக்குப் போயின. பைசாக் கணக்கில் அவர்களுக்குக் கூலி. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1976இல் தோல் ஏற்றுமதிக்குத் தடை. பாம்புக்கு அது நல்லது. பாம்பு பிடிக்க மட்டுமே தெரிந்தவர்களுக்கு அன்றோடு அடுப்பு அணைந்தது. அந்த இக்கட்டில்தான், முதலைப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. இன்றும் அது வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கையும் பிடித்துவந்து, மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, சில வாரம் பராமரிக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து, பிடித்த இடத்தைப் போன்ற நிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். எடுத்த விஷம் உறையவைத்து உலர்த்திய பொடியாக மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள்.

அந்த மருந்துக் குப்பிகளை என் கையால் கரைத்து ஏற்றியிருக்கிறேன். அறுவடைக் காலத்தில் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே எட்டு, பத்து குப்பி தேவைப்படும். கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் இருபது நிமிஷத்தில் உறைகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். உறைந்துவிட்டால் எங்கள் மூச்சு திரும்பும். அந்தப் பொடிக்குப் பின்னால் யார் கை இருக்கிறது என்பதை வேலையில் இருந்த காலத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மகத்தில்தான் தெரிந்தது. சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், சுட்டுவிரலில் பாதி இல்லாத கையைக் காட்டி, எந்தப் பாம்பு, எந்த வரப்பு என்று சொன்னார். 2023இல் இந்த மாவட்டத்து இருளர்கள் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புக்காட்டில் பர்மிய மலைப்பாம்பு பெருகித் தொல்லை தந்தபோது, அங்குள்ளவர்கள் இவர்களைத்தான் வரவழைத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள்.

சங்கத்தில் உரிமம் பெற்றவர்கள் சில நூறு பேர். மற்றவர்களுக்கு அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டும் இடம். முன்பணம் வாங்கினால் குடும்பமே அங்கே கட்டுப்பட்டுக் கிடக்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். 2019 ஜூலையில்கூடக் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கிடந்த படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். மாசி மாதம் சூளைக்கு உச்ச வேலைக்காலம். "ஓனரு வுட மாட்டாரு" என்ற சொல்லை நான் மகத்து மணலில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அக்கா வந்தாளா, சித்தப்பா வந்தாரா என்று கூடாரம் கூடாரமாகத் தேடுகிறார்கள். வராதவர் ஒருவர் இருந்தால், ஒன்று நோய், இல்லையேல் முன்பணம். உறவு மட்டும் அல்ல, யார் எங்கே சிக்கியிருக்கிறார் என்ற கணக்கும் அங்கேதான் எடுக்கப்படுகிறது. கன்னியம்மாவுக்கு நேர்ந்துகொண்டதைச் சாக்காக வைத்து லீவு கேட்டு, கிடைக்காவிட்டால் ராத்திரியோடு கிளம்பி வந்தவர்களும் உண்டு. அப்படி வந்தவர்களுக்குச் சாமி ஒரு துணை.

இப்படிக் கூடும் இன்னொரு மக்களையும் பார்த்திருக்கிறேன். என் மகள் ஸ்காட்லாந்தில் ஆபர்டீனில் இருந்தபோது ஒரு செப்டம்பரில் எங்களைப் பிரேமருக்கு அழைத்துப்போனாள். அந்த மாதத்து முதல் சனிக்கிழமை அங்கே மலைநாட்டு மக்களின் கூடுகை. கட்டம்போட்ட பாவாடை அணிந்த ஆண்கள் நீளமான மரக்கட்டையைத் தூக்கி எறிகிறார்கள், சம்மட்டி வீசுகிறார்கள், பைப் வாத்தியக் குழுக்கள் அணி அணியாக வருகின்றன. 1746இல் கலோடன் போரில் தோற்ற பிறகு அந்த மலைமக்களின் உடையையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1782வரை அது நீடித்தது. பிறகு நிலத்திலிருந்தும் ஏராளமானோரை வெளியேற்றி ஆடு மேய்த்தார்கள். அதற்கப்புறம் 1848இல் விக்டோரியா மகாராணியே வந்து உட்கார்ந்து அந்த விளையாட்டைப் பார்த்தார். இன்றும் அரச குடும்பம் வருகிறது. மனம் நிறைந்துதான் பார்த்தேன். தடுத்த உடை திரும்பக் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் நிலம் திரும்பவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பாட்டி சொன்னாள். எனக்கு அப்போது மாமல்லபுரத்து மணல் ஞாபகம் வந்தது. இங்கே டிக்கெட் இல்லை, மேடை இல்லை, ராணி இல்லை. தமிழ்நாட்டில் அழிவின் விளிம்பில் உள்ளதாக அரசு குறித்த ஆறு பழங்குடிகளில் இருளரும் ஒருவர். அவர்கள் யாருக்கும் காட்டுவதற்காகக் கூடவில்லை. தங்களுக்குள் பார்த்துக்கொள்ளக் கூடுகிறார்கள்.

அந்தக் கடற்கரையும் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. கோயிலை அலையிலிருந்து காக்கக் கரையோரம் பாறைகள் போட்டிருக்கிறார்கள். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சின்னங்களைச் சுற்றி வேலி. அதற்கு அப்பால் விடுதிகளின் மதில். பல்லவர் கல்லைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. வேலி போடுகிறவர்கள் மாசிப் பௌர்ணமியையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, கடல்வரை ஒரு திறந்த கரையை விட வேண்டும். அந்த இரண்டு நாளுக்குப் போதுமான குடிதண்ணீர் லாரியும் பெண்களுக்குக் கழிப்பறையும் வேண்டும். சூளைக்காரரும் ஆலைக்காரரும் மகத்துக்குச் சம்பளத்தோடு லீவு தர வேண்டும். தீபாவளிக்குத் தருகிறார்கள் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். பம்பரம், ஊதல், பிளாஸ்டிக் வளையல் வாங்கிய குழந்தைகள் ஆட்டோவிலேயே தூங்கிப்போகின்றன.

மறுநாளிலிருந்து வரும் பொழுதுகளைத்தான் நான் கவனித்துப் பார்க்கக் கற்றேன். எங்கள் குடியிருப்பில் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் நடைப்பாதையில் கூட்டமாக இருக்கும். சர்க்கரைக்காக, ரத்த அழுத்தத்துக்காக நடக்கிறோம், நானும்தான். மதிலுக்கு வெளியே வேறு மாதிரி. பங்குனியில் ஏரி வற்றும்போது பெண்களும் பிள்ளைகளும் இடுப்பளவுச் சேற்றில் இறங்கிக் கலக்கி, கையாலேயே விரால் பிடிக்கிறார்கள். சிரிப்புச் சத்தம் ரோடுவரை கேட்கும். அது வேலையா விளையாட்டா என்று கேட்டால் அவர்களுக்குக் கேள்வியே புரிவதில்லை. முதல் மழைக்குப் பின் புற்றுக்கு முன்னால் விளக்கு வைத்து ஈசல் பிடிப்பது, வறுத்துப் பொரியரிசியோடு கலந்து தின்பது, திண்ணைத் தரையில் கரித்துண்டால் கோடு போட்டு ஆடுபுலி ஆடுவது, போனில் பழைய பாட்டு. என் தோழி புல் செதுக்கும்போதே எந்த இலை எதற்கு என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தண்டரையில் 1986இல் தொடங்கிய இருளர் பெண்கள் சங்கத்தில் இந்த அறிவையே மூலிகைத் தோட்டமாகவும் மருந்தாகவும் ஆக்கியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவள் நாத்தனார் அங்கே வேலைக்குப் போகிறாளாம். இருவரும் பார்த்துக்கொள்வது மகத்தில்தானாம்.

சென்ற மாதம் அவள் பேத்தியைப் பத்தாம் வகுப்பில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். தாத்தா பெயரில் ஒரு காகிதமும் இல்லை. ஆனால் அவர் எந்த ஆண்டு மகத்தில் யாரைக் கட்டினார், படி கட்டியது எந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் என்று சாட்சி சொல்ல மூன்று ஊர்ப் பெரியவர்கள் தாலுகா ஆபீசுக்கு வந்து நின்றார்கள். நானும் கூடப் போயிருந்தேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள், அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும்.