கிதாபுக்குப் பெயர் வைப்பது யார்?

கொழும்பு முஸ்லிம்களின் மிகப் பழைய எழுத்தாவணங்களுள் ஒன்றை, வீட்டுக்குப் படி கட்டுவதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கூஃபி எழுத்தில் பொறித்த மீஸான் கல் அது. காலித் இப்னு அபூ பகாயா என்று வாசிக்கப்பட்ட ஒருவருடைய கப்றுக்கு உரியது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒல்லாந்த ஆட்சியின் கடைசிப் பத்தாண்டில் கொழும்புத் திசாவையாக இருந்தவர், மையவாடியிலிருந்த வேறு கற்களோடு இதையும் எடுப்பித்தார் என்பது செய்தி. பிற்காலத்தில் இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் இதைப் பற்றி எழுதினார். சாமுவேல் லீ அந்த அரபு வாசகத்தை மொழிபெயர்த்தார். 1827இல் இலண்டன் ரோயல் ஏசியாட்டிக் சங்கத்தின் தொகுதியில் இரண்டும் அச்சாயின. கல் மையவாடியில் இருந்த காலத்திலன்றி, இடம்பெயர்ந்த பிறகுதான் அதன் வாசகம் உலகுக்குத் தெரிந்தது. இன்று அந்தத் தொகுதியைக் கணினியிலேயே புரட்டிப் பார்க்கலாம்.

கடந்த சில ஆண்டுகளாகக் கொச்சிக்கடையில் இருந்துகொண்டு நான் செய்துவரும் வேலை இதுதான். பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் இணையத்தில் வைத்திருக்கும் கண்காட்சிகளில் எங்கள் ஊரைத் தேடுவது. அந்தோனியார் கோயில் கிடைக்கிறது. துறைமுகம் கிடைக்கிறது. பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலும் கிடைக்கிறது. சோனகரும் கிடைக்கிறார்கள். ஸ்கீன், பிளாட்டே போன்ற படப்பிடிப்பு நிலையங்கள் எடுத்து விற்ற தபாலட்டைகளில், உயர்ந்த தொப்பியும் சாரமுமாக நிற்கிறார்கள். கீழே ‘சோனக வியாபாரி’ என்றோ ‘தம்பி’ என்றோ இருக்கும். யாருடைய தம்பி, எந்தத் தெருக் கடைக்காரர் என்பதெல்லாம் இராது. மரங்களுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் தலைப்பிட்டது போலவே அவர்களுக்கும் இட்டிருக்கிறார்கள்.

படங்களுக்காவது அந்நியர் தலைப்பிட்டார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம். நம்மவர் தம் கையாலேயே எழுதியவற்றின் கதி அதைவிட மோசம். பல்கலைக்கழகமொன்றின் இணையக் கண்காட்சியில், பழுப்பேறிய கையெழுத்துப் பிரதியொன்றின் பக்கத்தைக் கண்டேன். கீழே ‘அரபுப் பிரார்த்தனை நூல்’ என்று போட்டிருந்தார்கள். எழுத்தைக் கூட்டி வாசித்தால் வந்தது தமிழ். அதுவும் பிரார்த்தனை அல்ல. நோன்பைப் பற்றிய சட்ட விளக்கம்.

அரபுத்தமிழ் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அரபின் இருபத்தெட்டு எழுத்துகளோடு, அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளையும் குறிகளையும் ஏற்றிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய ‘பத்ஹுத் தய்யான்’ முதலிய கிதாபுகள் இக்கரையிலும் வீடுதோறும் இருந்தன. மாலை, முனாஜாத்து, மார்க்கச் சட்டம், மருந்துக் குறிப்பு, கடிதம், கடைக் கணக்கு என்று எல்லாமே இவ்வெழுத்தில் நடந்தன. ஓதல் பள்ளியில் குர்ஆனுக்காக அரபெழுத்தைக் கற்ற பெண்கள், தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காமலே தமிழ் நூல்களை வாசித்தது இதனால்தான். நம் பெண்களின் கல்வி வரலாற்றை எழுத வருவோர் இந்த இடத்தில் இன்னும் சற்று நின்று போகலாம்.

ஆனால் நூலகத்தின் பார்வையில் இது எங்கே சேரும்? அரபு தெரிந்தவர் எழுத்தை வாசிப்பார், பொருள் விளங்காது. தமிழ் தெரிந்தவருக்குப் பொருள் விளங்கும், எழுத்து ஓடாது. இரண்டு அலுமாரிகளுக்கும் நடுவே கிதாபு விழுந்துவிடுகிறது. ஒரே மொழி ஒரு பட்டியலில் ‘அர்வி’ என்றும் இன்னொன்றில் ‘அரபுத்தமிழ்’ என்றும், மற்றொன்றில் வெறும் ‘அரபு’ என்றும் பதிவாகிறது. கணினிக்கு இவை மூன்றும் வேறு வேறு. தேடுபவன் ஒன்றைத் தட்டினால் மற்ற இரண்டும் வராது.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் எண்ணிம வடிவில் ஏற்றியிருக்கிறது. முஸ்லிம்களின் ஆவணங்களுக்கும் அதில் இடமுண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நினைவு இம்முயற்சிக்குப் பின்னால் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வீட்டோடு விட்டுவந்த காகிதங்களையும் அந்த நினைவோடு சேர்த்தே எண்ண வேண்டும். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்புரோ வளாக நூலகம் தந்தை செல்வாவின் ஆவணங்களைப் பேணுகிறது. அவருடைய குடும்பத்தார் கையளித்ததால்தான் அது நடந்தது. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன்.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் மலாய்ச் சகோதரர்கள். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பிலிருந்து ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையை ஜாவி எழுத்தில் கொண்டுவந்தார். சித்திலெப்பையின் ‘முஸ்லிம் நேசன்’ வெளிவந்தது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1882இல். இலங்கை மலாய்க் குடும்பங்களிடமிருந்த கையெழுத்துப் பிரதிகளைப் பேராசிரியை ரோனித் ரிச்சி வீடுவீடாகத் தேடினார். பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் அவை படம்பிடிக்கப்பட்டன. பிரதிகள் அந்தந்தக் குடும்பத்தாரிடமே இருக்க, படங்கள் இணையத்துக்குப் போயின. அவற்றுள் அரபுத்தமிழும் கலந்து கிடக்கிறது என்பது நம்மவர் பலர் அறியாத சங்கதி. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகளைத் திருடர்கள் முடக்கியபோது அந்தத் தளமும் நெடுநாள் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இணையத்துக்கும் கறையான் உண்டு.

இனி, எழுதத் தயங்கிய ஒன்றை எழுதுகிறேன். 2019 ஏப்ரல் 21 அன்று எங்கள் அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் நாங்கள் தினமும் தெருவில் கண்டவர்கள் இருந்தார்கள். அந்தத் துயரத்துக்கு முன்னால் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் அதன் பின் வந்த வாரங்களில் சோதனை நடக்கும் என்ற பயத்தில், அரபெழுத்தில் எது இருந்தாலும் வீட்டில் வைத்திருக்க மக்கள் அஞ்சினார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டிலிருந்து மூத்தம்மாவின் தகரப்பெட்டிக் கிதாபுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனதைக் கண்டேன். எங்கே போனதென்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வெழுத்து ஓடாது. சோதனைக்கு வருபவருக்கும் ஓடாது. இரு தரப்பாருக்கும் அது அரபு. மூத்தம்மாவுக்கு மட்டுமே அது தமிழ். அவரோ மௌத்தாகிப் பல வருடங்கள்.

இத்தகைய கிதாபுகளின் கடைசி வெற்றுத் தாள்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கேதான் ஊரின் வரலாறு கிடக்கிறது. பிள்ளை பிறந்த நாள், வாப்பா மௌத்தான பிறை, யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனது. தபாலட்டையில் பெயரில்லாமல் நின்ற ‘தம்பி’க்கு இங்கே பெயர் இருக்கக்கூடும். ஸ்கேன் செய்பவர்கள் வெற்றுத் தாள் என்று இவற்றைத் தாண்டிவிடாமல் இருக்க, பக்கத்தில் இருந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

கருவி வாங்கப் பணம் கிடைக்கும். பல்கலைக்கழகங்களுக்கு ஆர்வமும் இருக்கிறது. கிடைக்காமல் போய்க்கொண்டிருப்பது வாசிக்கத் தெரிந்த கண். புதிய சோனகத் தெருவிலும் மருதானையிலும் இவ்வெழுத்தைத் தடங்கலின்றி ஓதக்கூடிய பெரியவர்கள் சிலரை நான் அறிவேன். எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களில் ஒருவரோடு இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் உட்காருகிறேன். திரையில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு வாசிப்பார். நூலின் பெயர், இயற்றியவர் பெயர், எழுதிய ஊர், மொழி தமிழ் என்று ஒரு பதிவுக்கு நான்கு வரிகள் எழுதிக்கொள்கிறேன். இதுவரை முப்பத்தொரு பதிவுகள் ஆகியிருக்கின்றன.