ஒரே நாளில் இரண்டு ஓட்டு: விளாத்திகுளம் தொகுதியும் 'ஒரே தேர்தல்' மசோதாவும்

மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தினால் மக்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்து வாக்களிப்பார்களா? 'ஒரே நாடு, ஒரே தேர்தல்' பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் கேள்வி இது. தூத்துக்குடி மாவட்டக் கரிசல் காட்டில், நாகலாபுரம் அடங்கிய விளாத்திகுளம் தொகுதி மக்களுக்கு இது நேரடி அனுபவம்.

2019-ல் நடந்தது என்ன?

2017 செப்டம்பரில் 18 அதிமுக எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். விளாத்திகுளம் எம்.எல்.ஏ.வும் அவர்களில் ஒருவர். அதன் பின் சுமார் 20 மாதங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்தே இடைத்தேர்தல் நடந்தது. ஒரே வாக்குச்சாவடியில் மக்கள் இரண்டு ஓட்டுப் போட்டார்கள்.

தூத்துக்குடி மக்களவைத் தொகுதியில் திமுகவின் கனிமொழி சுமார் 3.47 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். விளாத்திகுளம் சட்டமன்றத் தொகுதியிலோ அதிமுகவின் சின்னப்பன் வென்றார். அக்கட்சியின் முன்னாள் எம்.எல்.ஏ. மார்க்கண்டேயன் சுயேச்சையாக நின்று வாக்குகளைப் பிரித்தும் இந்த முடிவு வந்தது. மக்களவைத் தொகுதியை அதிமுக தன் கூட்டணியில் இருந்த பாஜகவுக்கு விட்டுக்கொடுத்திருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாநில அளவிலும் இதே போக்குதான். அந்த ஆண்டு ஏப்ரலில் தேர்தல் நடந்த 38 மக்களவைத் தொகுதிகளில் 37 திமுக கூட்டணிக்குப் போயின. 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் அதிமுக 9 இடங்களைப் பிடித்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது.

தனித்தனியாக நடந்தபோது

1952, 1957, 1962, 1967 ஆகிய ஆண்டுகளில் இரு தேர்தல்களும் ஒன்றாகவே நடந்தன. மக்களவை முன்கூட்டியே கலைக்கப்பட்டபோது தமிழக அரசும் சட்டமன்றத்தைக் கலைத்து 1971-ல் ஒன்றாகத் தேர்தலைச் சந்தித்தது. அதன் பிறகு 1984, 1991, 1996-லும் ஒன்றாக நடந்திருக்கின்றன.

தனித்தனியாக நடந்தபோதோ மக்கள் தீர்ப்பு தலைகீழாக மாறியதுண்டு. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அதிமுக 2 இடங்களில் மட்டுமே வென்றது. அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே கட்சி 129 இடங்களைப் பெற்று ஆட்சிக்கு வந்தது. 1989 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்த திமுக, நவம்பர் மக்களவைத் தேர்தலில் ஓர் இடம்கூடப் பெறவில்லை.

மசோதா என்ன சொல்கிறது?

ராம்நாத் கோவிந்த் குழு 2024 மார்ச் 14 அன்று அறிக்கை தந்தது. டிசம்பர் 17 அன்று அரசியலமைப்பின் 129-ஆவது திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. ஆதரவாக 269 பேரும் எதிராக 198 பேரும் வாக்களித்தனர். பின்னர் அது நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. நிறைவேற, வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

மசோதாப்படி, பொதுத் தேர்தலுக்குப் பின் மக்களவை முதலில் கூடும் நாளில் குடியரசுத் தலைவர் ஓர் அறிவிப்பு வெளியிடலாம். அதன் பிறகு தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றங்கள் அனைத்தும் அந்த மக்களவையின் ஐந்தாண்டுக் காலம் முடியும்போது தாமும் முடிவுக்கு வரும். இடையில் அவை கலைந்தால், புதிதாகத் தேர்தல் நடந்தாலும் அது மீதிக் காலத்துக்கு மட்டுமே.

தமிழகத்துக்கு என்ன பாதிப்பு?

2029 மக்களவைத் தேர்தலுக்குப் பின் இது நடைமுறைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். 2026 தேர்தலில் அமையும் தமிழகச் சட்டமன்றம் 2031 வரை இருக்கும். 2031-ல் நாம் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றமோ 2034-லேயே முடிந்துவிடும். ஐந்தாண்டுக்காகப் போடும் ஓட்டு மூன்றாண்டு ஆட்சியைத்தான் தரும்.

மீதிக் காலப் பதவி எப்படி இருக்கும் என்பதும் விளாத்திகுளத்துக்குத் தெரியும். 2019-ல் தேர்வான எம்.எல்.ஏ.வுக்குக் கிடைத்தது சுமார் இரண்டு ஆண்டுகளே. ஒரு தொகுதிக்கு நேர்ந்ததை மசோதா ஒரு மாநிலம் முழுவதற்குமே விதியாக்குகிறது. 2024 பிப்ரவரி 14 அன்று தமிழகச் சட்டமன்றம் இத்திட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

செலவு குறையும், நடத்தை விதிகளால் பணிகள் அடிக்கடி முடங்காது என்பவை ஆதரவாளர்களின் வாதங்கள். இவற்றை ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம், பருப்பு இறக்குமதியை முடிவு செய்வது மத்திய அரசு. மழை பொய்த்துப் பயிர் கருகினால் கரிசல் விவசாயி நிவாரணம் கேட்டு முதலில் நிற்பது மாநில அரசின் வாசலில். இரண்டையும் பிரித்துப் பார்க்க மக்களால் முடியும் என்பதை 2019 காட்டியது. அப்படிப் பிரித்துப் போட்ட ஓட்டுக்கு முழு ஐந்தாண்டு மதிப்பு உண்டா என்பதுதான் கூட்டுக்குழுவும் நாடாளுமன்றமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.