மட்டக்களப்புக் கடலடியில் ஒரு கப்பல்

மட்டக்களப்பு என்றால் வாவியும் பாடும் மீனும் நினைவுக்கு வரும். அதன் எதிரே கடலடியில் ஒரு போர்க்கப்பல் கிடப்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் ஹெர்மஸ், ஆங்கிலேயரின் விமானம் தாங்கிக் கப்பல்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. 1940 ஜூலையில் தக்கார் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல் ரிஷலியேவை டார்பிடோவால் தாக்கியவை ஹெர்மஸின் விமானங்களே. அதே ஆண்டு செப்டம்பரில் நம் கவர்னர் பொன்வேன் தெ கோல் பக்கம் சேர்ந்தார். அடித்தவரும் நாமும் ஒரே அணி ஆனோம்!

1942 ஏப்ரலில் திருகோணமலையை ஜப்பானியர் தாக்கப்போவதாகத் தகவல் வந்தது. ஹெர்மஸ் இரவோடு இரவாகத் தெற்கே விலகியது. 9ஆம் தேதி திரும்பி வருகையில் எதிரியின் கண்ணில் பட்டது. விமானம் தாங்கியில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. குண்டுமழையில் அரைமணிக்குள் மூழ்கியது. கப்டன் ஆன்ஸ்லோவுடன் 307 பேர் இறந்தனர். வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் அறுநூறு பேர்வரை கரைசேர்த்தது.

இன்று அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு எல்லை 40 மீட்டர். அதற்கும் கீழே அழுத்தம் ஆறு மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் கள் குடித்ததுபோல் மயக்கும். பிரெஞ்சில் இதற்கு 'இவ்ரெஸ் தே ப்ரொஃபோந்தேர்', ஆழத்தின் போதை, என்று பெயர். அதனால் ஹீலியம் கலந்த காற்றை எடுத்துச் செல்கிறார்கள்.

இறங்குவதைவிட ஏறுவதுதான் கடினம். கோலி சோடாவைத் திறந்தால் நுரை பொங்குகிறதல்லவா? அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் அப்படித்தான் குமிழிவிடும். 1878இலேயே இதை விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் போல் பேர். ஆகவே படிப்படியாக நின்று நின்றுதான் ஏற வேண்டும்.

இத்தனை பாடுபட்டு இறங்குபவர்கள் பார்த்துவிட்டு வரட்டும், தவறில்லை. ஆனால் மலேசியக் கடலில் இதே போரில் மூழ்கிய 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' கப்பல்களைப் பழைய இரும்புக்காரர்கள் அறுத்தெடுத்தார்கள். மயானத்தில் கைவைப்பது நம் வழக்கமில்லை. அவர்களுக்குக் கல்லறை அந்தக் கப்பல்தான். ஆணி ஒன்றைக்கூட எடுக்கக்கூடாது என்பதே என் கருத்து.