25 கிலோமீட்டர்: ஒரு ஒயரின் வரலாறு

போன வருஷம் என் சித்தப்பா பையனுக்கு டியூஷன் போய்வர ஒரு சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார்கள். பத்தாவது படிக்கிறான். லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது என்பதால் சித்திக்கும் நிம்மதி. மூணாம் நாளே கடை மெக்கானிக் சீட்டைத் தூக்கி, ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு, "இப்ப ஓட்டிப் பாரு தம்பி" என்றார். 40 போனது. காசு கூட வாங்கவில்லை.

இரண்டு மாசம் கழித்து தெருமுனையில் ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டான். அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரி செலவு முழுக்க சித்தப்பா கையிலிருந்து போனது. "இன்சூரன்ஸ் இல்லையா?" என்று நான் கேட்டேன். காமர்ஸ் படிக்கிறவனுக்கு முதலில் வாயில் வருவது அதுதானே. இல்லை என்றார்கள். அப்புறம்தான் அந்த 25 எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். கதை நூறு வருஷத்துக்கும் மேல் பின்னால் போகிறது.

1915-ல் நியூயார்க்கில் ஆட்டோபெட் என்று ஒரு வண்டி வந்தது. இன்று நாம் பார்க்கும் நின்றுகொண்டே ஓட்டும் ஸ்கூட்டரின் தாத்தா. முன் சக்கரத்தின் மேலேயே எஞ்சின். கைப்பிடித் தண்டை முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் பிரேக் பிடிக்கும். பெட்ரோல் வண்டி பிரபலம், பேட்டரியில் ஓடும் வகையும் வந்தது. 1916-ல் லண்டனில் புளோரன்ஸ் நார்மன் சீமாட்டி இதில் நின்றுகொண்டு போகும் படம் இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. சின்னச் சக்கரத்தில் வேகம் கூடினால் வண்டி ஆடும் என்ற உண்மை அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆட்டோபெட் 1921 வாக்கில் நின்றுபோனது.

சட்டத்துக்கும் வேகத்துக்கும் நடந்த சண்டையில் எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம் இங்கிலாந்தில் நடந்தது. 1971-ல் அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டும் குறைந்தபட்ச வயதை 16-லிருந்து 17 ஆக்கினார்கள். 16 வயதுப் பையன்களுக்கு 50 சிசிக்கு உட்பட்ட, பெடல் வைத்த மொபெட் மட்டும்தான். சட்டத்தில் எஞ்சின் அளவு இருந்தது, பெடல் இருந்தது, ஆனால் வேகம் இல்லை! கம்பெனிகள் விடுவார்களா? யமஹா எஃப்.எஸ்.1-இ மாதிரி வண்டிகள் வந்தன. பார்க்க சின்ன பைக், பேருக்குப் பெடல், வேகமோ மணிக்கு 45 மைலை ஒட்டி. அதாவது 70 கிலோமீட்டருக்கும் மேல்.

1977-ல் அரசு விழித்துக்கொண்டு மொபெட் 30 மைலைத் தாண்டக்கூடாது என்றது. பெடல் கட்டாயம் போனது, வேகத் தடை வந்தது. கம்பெனிகள் எஞ்சினுக்குள் காற்று போகும் வழியையும் சைலன்சரையும் ஒடுக்கி வேகத்தைக் குறைத்தார்கள். பையன்கள் அந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். நம்ம ஊர் மெக்கானிக் பிடுங்கிய ஒயருக்கு முன்னோடி அந்த அடைப்புதான்.

அடுத்து மின்சாரம். பிரிட்டனின் 1983 விதிகள் பெடலுள்ள மின்சார சைக்கிளுக்கு 15 மைல் வரை, அதாவது சுமார் 24 கிலோமீட்டர் வரை, லைசென்ஸ் வேண்டாம் என்றன. 14 வயது ஆனால் போதும். அதை நம்பி 1985 ஜனவரியில் கிளைவ் சின்க்ளேர் சி5 என்ற மூன்று சக்கர வண்டியை 399 பவுண்டுக்கு இறக்கினார். 250 வாட் மோட்டார். லாரிகளுக்கு நடுவே தரையோடு தரையாகப் போகும் அந்த வண்டியைப் பார்த்து ஊரே சிரித்தது. அதே வருஷம் கம்பெனி திவால். ஐரோப்பிய ஒன்றியமும் 2002-ல் மின்சார சைக்கிளுக்கு விலக்கு தந்தபோது எழுதிய எண்கள் 250 வாட், 25 கிலோமீட்டர்.

இந்தியாவில் 2005-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அதே இரண்டு எண்களைப் பார்க்கிறோம். மோட்டாரின் அரை மணி நேர சக்தி 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. அங்கே இந்த விலக்கு பெடல் மிதிக்கும் சைக்கிளுக்கு. இங்கே பெடலே இல்லாத, இரண்டு பேர் உட்காரும் சீட் வைத்த முழு ஸ்கூட்டருக்கும் கிடைத்தது. 2008-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய ஆம்பியர் உட்படப் பல கம்பெனிகள் இந்த வகை வண்டிகளை விற்றன. 2010 நவம்பரில் மத்திய அரசு மானியமும் தந்தது, 2012 மார்ச்சில் நிறுத்தியது. 2019-ல் வந்த ஃபேம் இரண்டாம் கட்டத்தில் வேகம் குறைந்த வண்டிகளுக்கு இடமில்லை. மானியம் போனாலும் விலக்கு போகவில்லை.

சரி, அந்த ஒயர் என்ன செய்கிறது? பின் சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார் பல வண்டிகளில் 40 வரை சுற்றக்கூடியதுதான். கன்ட்ரோலர்தான் 25-ல் பிடித்து நிறுத்துகிறது. அதற்கான ஒயரைக் கழற்றினால் பிடி விட்டுப்போகும். இன்னும் ஆசைப்படுகிறவர்கள் நாலு 12 வோல்ட் பேட்டரிக்கு ஐந்தாவதைச் சேர்த்து 48-ஐ 60 ஆக்குவார்கள். பல 48 வோல்ட் கன்ட்ரோலர்களில் இருக்கும் கெப்பாசிட்டர் 63 வோல்ட்டைத்தான் தாங்கும். முழுசாக சார்ஜ் ஆன ஐந்து பேட்டரி அதைத் தாண்டிவிடும். புகை வந்தால் ஆச்சரியமில்லை.

2016 டிசம்பரில் வந்த ஷாவ்மி எம்365-ல் ஒயரைக்கூடத் தொட வேண்டாம். 12.5 கிலோ எடையுள்ள அந்த வண்டியின் மென்பொருளை மாற்றியே 25-ஐத் தாண்ட வைத்தார்கள்.

கழற்றுகிறவர்கள் மறப்பது பிரேக்கை. 25-லிருந்து 40 என்பது ஒன்றரை மடங்கு சொச்சம்தான். ஆனால் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 2.56 மடங்கு. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவையான தூரமும் அதே கணக்கு. பிரேக்கும் டயரும் மட்டும் பழைய 25-க்கானவை.

சட்டக் கணக்கு இன்னும் மோசம். ஒயரைப் பிடுங்கிய நிமிஷமே வண்டி விலக்கை இழந்து மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. அதுவும் பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத வாகனம். 2019 சட்டத் திருத்தத்தின்படி, 18 வயது ஆகாதவர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். காசு வாங்காமல் பிடுங்கிய ஒயரின் விலை அது. இன்சூரன்ஸ் இருந்தால் ரிஸ்க்கைப் பலர் பகிர்ந்துகொள்கிறோம். இல்லாவிட்டால் அது மோதியவன் வீட்டில் பாதி, அடிபட்டவர் உடம்பில் பாதி.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். டவுன் பஸ்ஸும் டிப்பர் லாரியும் ஓடும் ரோட்டில் 25-ல் போவதும் பயமாகத்தான் இருக்கிறது. சைக்கிளுக்குத் தனிப்பாதை இருக்கிற ஊர்களில் பொருந்தும் எண்ணை, அந்தப் பாதை இல்லாத ஊரிலும் வைத்திருக்கிறோம். அதற்குப் பதில் பதிவு செய்த, பிரேக்கும் இன்சூரன்ஸும் உள்ள வண்டி. சட்டம் வேகத்தை அளக்காவிட்டால் கம்பெனி ஏமாற்றும், அளந்தால் நாம் ஏமாற்றுவோம் என்பதுதான் 1971-லிருந்து நான் கண்ட பாடம் :)

எங்கள் வீட்டு ஸ்கூட்டரில் ஒயரைத் திரும்ப மாட்டியாச்சு. தம்பி இப்போது சைக்கிளில்தான் டியூஷன் போகிறான். அந்தப் பெரியவருக்குக் கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்தால், இன்றைக்கே சீட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.