புகார் அங்காடியும் பரமத்தி வேலூர்ச் சாலையும்

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இருகூறாகக் காட்டுகின்றது. கடல்வாணிகரும் கைவினைஞரும் முன்னதில் வாழ்ந்தனர். அரச வீதியும் தேரோடும் வீதியும் பின்னதில் அமைந்தன. இரண்டற்கும் இடையே, மரச்சோலையில் நாளங்காடி கூடிற்று. இதனை வெறும் வருணனை என்பாரும் உளர். நிலத்தின் பயனும் மக்களின் போக்குவரவும் ஒருங்கே எண்ணப்பெற்ற நகரமைப்பின் நினைவு இஃது என்பதே எம் துணிபு.

அக்காவிரியின் கரையிலேயே, மேற்கே நெடுந்தொலைவில், பரமத்தி வேலூர் உளது (வடாற்காட்டு வேலூர் அன்று). சேடர்பாளையத்தில் பிரியும் இராசவாய்க்கால் இப்பகுதியின் வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோட்டங்களையும் ஊட்டுகின்றது. சேலம்–கரூர் நெடுஞ்சாலை ஆற்றைக் கடப்பதும் ஈண்டேயாம். ஆகவே ஊர் விரியுமிடத்து எதிர்ப்படுவது தரிசு நிலமன்று, நன்செய்.

1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் நிலப்பயனை வரையறுக்க வழிசெய்தன. ஆயின் கொடிக்காலை மனையாக்க இசைவளிப்பது ஒரு துறை. அம்மனைக்குப் பேருந்து விடுவது பிறிதொன்று. தேசிய நெடுஞ்சாலையோ நடுவணரசின் பொறுப்பு. போக்குவரத்தினை ஒருங்கிணைக்க 2010இல் சட்டமொன்று இயற்றப்பெற்றது. அது சென்னைப் பெருநகர்க்கே உரியது; காவிரிக்கரையை எட்டவில்லை.